சுவர் இருந்தால்தான் சித்திரம்

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு மாணவி)

“சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்” என்பது நம் முன்னோர் வாக்கு. தேர்வு நேரத்தில் சரியாகச் சாப்பிடாமல், கண்விழித்துப் படிக்கும் மகளைப் பார்த்து அம்மா இதைச் சொல்வார். உடம்பு என்னும் சுவர் நன்றாக இருந்தால்தான் படிப்பு என்னும் சித்திரம் அமையும் என்பது அதன் பொருள். இப்படி உவமையாகவே கேட்டுப் பழகிவிட்ட நாம், இப்பழமொழி ஓவியக் கலையைப் பற்றி நேராகச் சொல்லும் உண்மையைக் கவனிப்பதே இல்லை. சித்திரம் எழுதுமுன் சுவரைச் சரிசெய்ய வேண்டும். நமக்குச் சுவர் என்பது தாள். அல்லது கித்தான் துணி.

பள்ளிகளில் நடக்கும் ஓவியக் கண்காட்சிகளில் பார்வையாளர் கேட்கும் கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? “என்ன வண்ணம்?” என்பார்கள். “எந்தத் தூரிகை?” என்பார்கள். “எதன்மேல் வரைந்தாய்? அதை எப்படித் தயாரித்தாய்?” என்று கேட்பவர் மிகச் சிலரே. நாமும் அப்படித்தான். பெற்றோர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதியை வண்ணப் பெட்டிக்குச் செலவழித்துவிட்டு, கைக்குக் கிடைத்த தாளில் வரைகிறோம். தண்ணீர் பட்டதும் தாள் அப்பளம்போல் சுருளுகிறது. வானத்தின் நீலம் மலையின் பச்சைக்குள் ஓடிவிடுகிறது. உடனே, “எனக்கு ஓவியம் வராது” என்று முடிவு கட்டித் தூரிகையைக் கீழே வைத்துவிடும் மாணவியர் பலர். குறை பெரும்பாலும் கையில் இல்லை, தாளில்தான் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

மேதைக்கும் விலக்கில்லை

அடித்தளம் சரியில்லை என்றால் மாபெரும் மேதையின் கையும் தோற்றுவிடும் என்பதற்கு ஓர் உதாரணம் நம் இல்லங்களிலேயே தொங்குகிறது. கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் உணவு மேசைக்கு மேலே இயேசுவின் இறுதி இராவுணவுப் படம் இருக்கும். அதன் மூலத்தை லியனார்டோ டா வின்சி இத்தாலியின் மிலான் நகரில், சாந்தா மரியா தெல்லெ கிராட்சியே என்னும் மடத்தின் உணவு அறைச் சுவரில், 1495 முதல் 1498 வரையிலான ஆண்டுகளில் தீட்டினார்.

அக்காலத்தில் சுவரில் எழுதுவோர் ஈரச் சுண்ணப் பூச்சின்மேல் வண்ணத்தைத் தீட்டுவது வழக்கம். பூச்சு உலரும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும். வண்ணமும் அதனோடு சேர்ந்து கல்லாகிவிடும். ஆனால் பூச்சு உலர்வதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். நின்று, நினைத்து, திருத்தித் திருத்தி எழுதும் இயல்புடைய லியனார்டோவுக்கு அந்த அவசரம் ஒத்துவரவில்லை. ஆகவே அவர் உலர்ந்த சுவரின்மேல் ஒரு வெண்பூச்சுப் பூசி, பலகையில் எழுதுவதுபோல எழுதினார். சுவரின் ஈரம் அதை ஏற்கவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 1517ஆம் ஆண்டில் அதைப் பார்த்த ஒரு பயணி, ஓவியம் பழுதுபடத் தொடங்கிவிட்டதை எழுதி வைத்திருக்கிறார். அதன்பின் எத்தனையோ முறை செப்பனிட்டார்கள். கடைசியாக 1978இல் தொடங்கிய பெரும் செப்பனிடும் பணி 1999இல்தான் முடிந்தது. மூன்று ஆண்டுகளில் எழுதிய சித்திரத்தைக் காப்பாற்ற இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டியதாயிற்று!

லியனார்டோவின் கையில் குறை இருந்ததா? இல்லை. வண்ணத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த உறவில்தான் குறை.

பரப்பின் மூன்று குணங்கள்

தாளோ துணியோ எதுவானாலும், ஓவியம் ஏற்கும் பரப்புக்கு மூன்று குணங்கள் வேண்டும்.

முதலாவது, அளவான தாகம். பரப்பு வண்ணத்தை முழுவதும் குடித்துவிடவும் கூடாது, குடிக்கவே மாட்டேன் என்று தள்ளிவிடவும் கூடாது. மையொற்றும் தாள் முதல் வகை, மெழுகுத்தாள் இரண்டாம் வகை. இரண்டிலும் ஓவியம் தீட்ட முடியாது. இரண்டாவது, பிடிப்பு. கண்ணாடிமேல் பென்சில் எழுதாது. நுண்ணிய மேடு பள்ளம் இருந்தால்தான் கரித்துகளும் வண்ணமும் பற்றிக்கொள்ளும். மூன்றாவது, அசையாமை. ஈரம் பட்டு விரிந்து, வெயில் பட்டுச் சுருங்கிக்கொண்டே இருக்கும் பரப்பின்மேல் வண்ணம் நிலைக்காது, வெடிக்கும், உதிரும். பரப்பைத் தயாரித்தல் என்பது இந்த மூன்று குணங்களையும் அதற்கு ஊட்டுவதே.

தாளின் தாகம்

முதலில் தாளைப் பார்ப்போம். தாள் என்பது தாவர நார்களின் நெசவில்லாத பின்னல். நார் இயல்பாகவே நீரை விரும்பும். அதன் தாகத்தை அடக்க, தாள் செய்வோர் ஒருவகைப் பசையை அதற்கு ஊட்டுகிறார்கள். பழைய நாளில் அரபு நாடுகளிலும் நம் நாட்டிலும் மாவுக் கஞ்சியைப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். முகலாயச் சிற்றோவியங்கள் எழுதப்பட்ட ‘வாஸ்லி’ என்னும் தாள், பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அகேட் என்னும் மணிக்கல்லால் தேய்த்து உண்டாக்கப்பட்டது. ஆனால் கஞ்சிக்குப் பூச்சிகள் வரும். இத்தாலியில் ஃபாப்ரியானோ என்னும் ஊரார் 13ஆம் நூற்றாண்டில் கஞ்சிக்குப் பதிலாக, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டின் பசையைப் பயன்படுத்தலானார்கள். இன்றும் உயர்ந்த நீர்வண்ணத் தாள்களில் ஜெலட்டின் இருக்கிறது.

உங்கள் தாளுக்குப் போதிய பசை ஊட்டப்பட்டிருக்கிறதா என்று அறிவது எளிது. ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்கும் துளிபோல் முத்தாகச் சற்று நேரம் நின்றால் நல்ல தாள். விட்ட உடனே பரவி, பின்பக்கம் ஈரம் தெரிந்தால் தாகம் மிகுந்த தாள்.

அப்படிப்பட்ட தாளை வீட்டிலேயே திருத்தலாம். மளிகைக் கடையில் புட்டிங் செய்ய விற்கும், சர்க்கரையும் மணமும் சேராத ஜெலட்டினில் 10 கிராம் எடுத்து, அரை லிட்டர் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அந்தப் பாத்திரத்தை வெந்நீருள்ள வேறொரு பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் அதன் பசைத்தன்மை குன்றிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகன்ற தூரிகையால் தாளின் இரு பக்கமும் மெல்லப் பூசிக் கொடியில் உலர்த்துங்கள். மறுநாள் மீண்டும் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள், மாற்றம் தெரியும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஒன்று, அழிப்பான் பற்றியது. ரப்பரால் ஓர் இடத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தால், தாளின் மேலுள்ள பசைப் படலம் கிழிந்துவிடும். பிறகு அந்த இடத்தில் மட்டும் வண்ணம் ஆழமாக இறங்கி, கறுத்த திட்டாகத் தெரியும். ஆகவே கோடுகளை வேறு தாளில் வரைந்து திருத்திவிட்டு, நல்ல தாளில் படியெடுப்பதே சிறந்தது. மற்றொன்று, எண்ணெய் பற்றியது. நாம் எண்ணெய் தடவிச் சடை பின்னி வருகிறோம். நெற்றியில் விழும் முடியைக் கையால் ஒதுக்கிவிட்டு அதே கையைத் தாளில் ஊன்றுகிறோம். எண்ணெய் பட்ட இடம் நீர்வண்ணத்தை ஏற்காது. வெள்ளைத் திட்டாக விலகி நிற்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், வரையும்போது கைக்கடியில் ஒரு சுத்தமான தாளை வைத்துக்கொள்வதும் பரப்பைத் தயாரிப்பதில் அடங்கியவையே.

மத்தளத் தோல்போல

தாகம் அடங்கிய தாளும் ஈரம் பட்டால் சுருளும். ஏன்? நார்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. ஈரம் பட்ட இடம் விரிகிறது, படாத இடம் விரிவதில்லை. விரிந்த பகுதிக்குப் போக இடமில்லாமையால் அது மேலே எழும்புகிறது. அந்த மேட்டிலிருந்து வண்ணம் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. படம் கெடுகிறது.

தாளின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் குறிப்பார்கள். இதையே கடையில் ஜி.எஸ்.எம். என்கிறார்கள். நகலெடுக்கும் இயந்திரத்தில் போடும் தாள் 70 அல்லது 80 கிராம். 300 கிராமும் அதற்கு மேலும் உள்ள தடித்த தாள் எளிதில் சுருளாது. ஆனால் அதன் விலை நம்மில் பலருக்கு எட்டாது. கவலை வேண்டாம். ஏறத்தாழ 150 கிராம் டிராயிங் தாளையும் தடித்த தாளுக்கு நிகராக நடந்துகொள்ளச் செய்ய ஒரு வழி உண்டு. அதற்குப் பணம் அதிகம் வேண்டாம், ஓர் இரவு பொறுமை போதும்.

தாளைச் சுத்தமான குளிர்ந்த நீரில் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள். மெல்லிய தாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். இரு மூலைகளைப் பிடித்துத் தூக்கி, நீர் வடிந்ததும் மரப்பலகைமேல் விரியுங்கள். நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பஞ்சால் ஒற்றிக் காற்றை வெளியேற்றுங்கள்; தேய்க்கக் கூடாது. பிறகு நான்கு ஓரங்களையும் பலகையோடு ஒட்டுங்கள். நீர் தடவினால் ஒட்டும் பழுப்புத்தாள் நாடா இதற்கு ஏற்றது. பார்சல் கட்டும் பிளாஸ்டிக் நாடா ஈரத்தில் ஒட்டாது. தாள் நாடா கிடைக்காவிட்டால், பழுப்புத் தாளை மூன்று விரற்கடை அகலத்துக்கு நறுக்கி, கெட்டியான மைதாப் பசை தடவி ஒட்டலாம். பலகையைப் படுக்கை வாக்கிலேயே வைத்து நிழலில் உலர விடுங்கள். சாய்த்து வைத்தால் நீர் ஒரு பக்கமாக இறங்கி, அந்தப் பக்கத்து நாடா விட்டுப்போகும். வெயிலில் வைத்தால் நடுப்பகுதி முந்திச் சுருங்கித் தாள் கிழியும்.

காலையில் பாருங்கள். ஈரத்தில் விரிந்த தாள், ஓரங்கள் கட்டுண்டிருப்பதால் சுருங்க முடியாமல், மத்தளத் தோல்போல் விறைத்து நிற்கும். இனி அதன்மேல் எவ்வளவு நீர் ஊற்றிப் பூசினாலும், சிறிது எழும்பினாலும், உலர்ந்ததும் மீண்டும் சமமாகிவிடும். படம் முடிந்து முற்றும் உலர்ந்த பிறகே ஓரத்தை வெட்டி எடுக்க வேண்டும்.

பென்சிலுக்கும் கரிக்கும்

வண்ணம் வேண்டாம், பென்சில் மட்டுமே என்பவர்களுக்கும் பரப்பு முக்கியம்தான். அவர்களுக்கு வேண்டியது இரண்டாவது குணமாகிய பிடிப்பு. நுண்ணிய விவரங்களைக் கூர்மையான பென்சிலால் வரைய வழுவழுப்பான தாள் ஏற்றது. கரித்துண்டுக்கும் பேஸ்டலுக்கும் சொரசொரப்பு வேண்டும். இல்லாவிட்டால் தூள் உதிர்ந்துவிடும்.

பென்சில் இல்லாத காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் வெள்ளிக் கம்பியால் வரைந்தார்கள் என்பது வியப்புக்குரிய செய்தி. சாதாரணத் தாளில் வெள்ளிக் கம்பியால் கோடு விழாது. ஆகவே எலும்பைச் சுட்டு, வெண்சாம்பலாக்கி, நைசாக அரைத்துப் பசையோடு கலந்து தாளில் பூசினார்கள். அந்தப் பூச்சு வெள்ளியை மிக நுண்ணிய அளவில் உராய்ந்து எடுக்கும். சாம்பல் நிறத்தில் விழும் கோடு நாளடைவில் பழுப்பாக மாறும். தயாரிப்பு இல்லையென்றால் அங்கே ஓவியமே இல்லை!

தாளின் ஆயுள் பற்றியும் ஒரு சொல். செய்தித்தாள் சில வாரங்களிலேயே மஞ்சளாவதைக் காண்கிறோம். மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுவதே அதற்குக் காரணம். தாளில் அமிலம் இருந்தால் நாளடைவில் அது நார்களை அரித்து, தாள் அப்பளமாக நொறுங்கும். படம் நிலைக்க வேண்டுமானால் ‘அமிலமற்றது’ என்று குறித்துள்ள தாளையோ, பருத்தி நாரால் ஆன தாளையோ வாங்குவது நல்லது. பழைய செய்தித்தாளுக்குள் படத்தைச் சுருட்டி வைப்பதையும் விட்டுவிட வேண்டும்.

கித்தான் வந்த கதை

இனி துணிக்கு வருவோம். ஐரோப்பாவில் முற்காலத்து மாதா படங்களும் பீடப் படங்களும் பெரும்பாலும் மரப்பலகைமேல் எழுதப்பட்டவை. பலகைக்கு வெண்பூச்சு இடும் முறையை 1400ஆம் ஆண்டையொட்டிச் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். சுண்ணச்சாந்தைப் போன்ற ஜிப்சத்தைத் தண்ணீரில் போட்டு, ஒரு மாத காலம் நாள்தோறும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அப்போதுதான் அது பட்டுப்போல் மென்மையாகுமாம். அதைப் பசையோடு கலந்து எட்டுப் பூச்சாவது பூச வேண்டும் என்கிறார். எட்டுப் பூச்சு முடியும்வரை ஒரு கோடுகூட வரைய முடியாது!

வெனிஸ் நகரம் கடலுக்குள் நிற்பது. அங்கே ஈரக்காற்றில் சுவரோவியம் நிலைக்கவில்லை. ஆனால் கப்பற்பாய்த் துணிக்குப் பஞ்சமில்லை. ஆகவே அங்கு ஓவியர்கள் துணியில் எழுதுவது பெருகியது. துணி இலேசானது, பெரிய அளவில் கிடைக்கும், எடுத்துச் செல்லவும் வசதியானது. ரஃபேல் 1512ஆம் ஆண்டளவில் எழுதிய சிஸ்டின் மாதா ஓவியமும் கித்தானில் அமைந்ததே. மேகங்களின் மேல் நடந்து வரும் அன்னையையும், கீழே கன்னத்தில் கை வைத்துச் சிந்திக்கும் இரு குட்டித் தேவதூதர்களையும் நாம் வாழ்த்து அட்டைகளில் பார்த்திருக்கிறோம். இத்தாலியின் பியாசென்சா நகர்க் கோயிலிலிருந்து அது 1754இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குச் சென்றது. ஐந்நூறு ஆண்டு கடந்தும் நம் கண்முன் நிற்கிறது.

துணியைத் தயாரிக்கும் முறை

கடையில் விற்கும் கித்தான் பெரும்பாலும் வெண்பூச்சு இட்டே வருகிறது. ஆயினும் நாமே தயாரித்தால் செலவு குறையும். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குப் பின்திரை, ஆண்டு விழா நாடகத்துக்குக் காட்சித்திரை என்று பெரிய அளவில் தேவைப்படும்போது வேறு வழியும் இல்லை.

காடாத் துணியே போதும். அதிலுள்ள நெசவுக் கஞ்சி போகத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். முதல் நனைப்பில் சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். தச்சரிடம் சொல்லி ரீப்பர் கட்டைகளால் ஒரு சட்டம் செய்துகொள்ள வேண்டும். துணியின் இழை சட்டத்தின் விளிம்புக்கு நேராக இருக்கும்படி விரித்து, ஒரு பக்கத்தின் நடுவில் முதல் ஆணி அடியுங்கள். அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கத்தின் நடுவில். பிறகு மற்ற இரு பக்கங்களின் நடுவில். அங்கிருந்து இரு புறமும் மாறி மாறி இழுத்து அடித்துக்கொண்டே மூலைகளை நோக்கிச் செல்ல வேண்டும். மூலையில் தொடங்கினால் துணி கோணிக்கொள்ளும். அந்தக் கோணலை எந்த வண்ணமும் மறைக்காது. விரலால் தட்டினால் மத்தளம்போல் ஒலிக்க வேண்டும்.

அடுத்தது பசைப் பூச்சு. எண்ணெய் வண்ணத்துக்கு இது மிக அவசியம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுகிறது. அந்த மாற்றத்தின்போது நேராகப் பருத்தி நாரைத் தொட்டால், நார் பழுத்து இற்றுப்போகும். ஆகவே எண்ணெய்க்கும் நாருக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். முற்காலத்தில் தோலிலிருந்து காய்ச்சிய பசையைப் பூசினார்கள். நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வதும் அந்த இனத்ததே. ஆனால் விலங்குப் பசை மழைக்காலத்தில் ஈரம் குடித்துத் தளரும், கோடையில் இறுகும், பூஞ்சணமும் பிடிக்கும். நம் தட்பவெப்பத்துக்கு வெள்ளைத் தச்சுப் பசையே மேல். ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு நீர் சேர்த்து, துணி முழுவதும் ஒரே சீராகப் பூசி உலரவிடுங்கள்.

அதன்பின் வெண்பூச்சு. வெள்ளைப் பசை ஒரு பங்கு, நீர் ஒரு பங்கு, சாக் பவுடர் என்று கேட்டால் கடையில் கிடைக்கும் வெண்பொடி இரண்டு பங்கு, வெள்ளை அக்ரிலிக் வண்ணம் அரைப் பங்கு. பொடியைச் சலித்துச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கட்டியில்லாமல் தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைக்க வேண்டும். முதல் பூச்சை இடமிருந்து வலமாகவும், அது உலர்ந்தபின் இரண்டாவதை மேலிருந்து கீழாகவும் பூசுங்கள். நன்கு உலர்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூன்றாம் பூச்சு. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். பூச்சு தடித்தால் வெடிக்கும்; மூன்று மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட வலுவுள்ளது. சுருட்டி வைக்க வேண்டிய திரைகளுக்கு இரண்டு மெல்லிய பூச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடைகளில் ‘ஜெஸ்ஸோ’ என்று புட்டிகளில் விற்பதும் இத்தகைய வெண்பூச்சே. அதன்மேல் அக்ரிலிக், எண்ணெய் வண்ணம் இரண்டும் நிற்கும். ஆனால் எண்ணெய்ப் பூச்சின்மேல் அக்ரிலிக்கைத் தீட்டினால் அது பற்றாமல் உரிந்துவிடும்.

நம் நாட்டுக் கைவண்ணம்

இதெல்லாம் மேல்நாட்டார் முறை என்று எண்ண வேண்டாம். பரப்பைத் தயாரிப்பதில் நம் கலைஞர்கள் எவருக்கும் இளைத்தவர் அல்லர். தஞ்சாவூர் ஓவியத்தில் பொன் தகடும் கற்களும் மின்னுவதைத்தான் நாம் காண்கிறோம். அதற்கடியில் பலாமரப் பலகை இருக்கிறது. அதன்மேல் துணி ஒட்டி, புளியங்கொட்டைப் பசையும் வெண்பொடியும் கலந்து பூசி, உலர்த்தி, கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்குகிறார்கள். அதன் பிறகே கோடு.

காளஹஸ்தியிலும், தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் எழுதப்படும் கலம்காரித் துணி இன்னும் வியப்பானது. பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுப் புளிக்க வைத்த சாயத்தை மூங்கில் எழுதுகோலால் தொட்டு எழுதுகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து நல்ல கறுப்பாகிறது. பாலின் கொழுப்பு, சாயம் இழையோடு ஓடாமல் தடுக்கிறது. ஐரோப்பியர் ஜெலட்டினால் செய்ததை நம்மவர் எருமைப் பாலால் செய்தார்கள்!

வசதியில்லையே என்பவர்களுக்கு

இவ்வளவுக்கும் எங்களிடம் வசதியில்லையே என்று சிலர் நினைக்கலாம். வின்சென்ட் வான் கோ தம் வாழ்வின் கடைசி ஆண்டாகிய 1890இல், பிரான்சின் ஓவேர் என்னும் சிற்றூரில் இருந்தபோது கித்தான் தீர்ந்துவிட்டது. டோபிஞ்யி என்ற மூத்த ஓவியரின் தோட்டத்தை வரைய அவர் ஆவல் கொண்டிருந்தார். என்ன செய்தார் தெரியுமா? சமையலறையில் பாத்திரம் துடைக்கும், சிவப்புக் கோடு போட்ட துணியை எடுத்தார். ஆனால் அதை அப்படியே பயன்படுத்திவிடவில்லை. முதலில் இளஞ்சிவப்பு வண்ணத்தால் ஓர் அடிப்பூச்சு இட்டார். அதன் பிறகே தோட்டத்தைத் தீட்டினார். அந்த ஓவியம் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துணி ஏழையாக இருக்கலாம், தயாரிப்பு ஏழையாக இருக்கக்கூடாது என்பதை அது காட்டுகிறது.

விதைப்பவன் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். வழியோரம் விழுந்ததும், பாறையில் விழுந்ததும், முட்செடிகளுக்குள் விழுந்ததும், நல்ல நிலத்தில் விழுந்ததும் ஒரே விதைதான். விளைவில் கண்ட வேற்றுமை நிலத்தால் வந்தது. ஓவியமும் அப்படியே. ஒரே வண்ணப் பெட்டியை வைத்துக்கொண்டு இருவர் தீட்டலாம். முதல்நாள் இரவே தாளை நனைத்து ஒட்டி வைத்தவளின் வானம் தெளிவாக இருக்கும்.

இந்த வேலையை யாரும் பாராட்டமாட்டார்கள். பசைப் பூச்சுக்குப் பரிசு கிடையாது. வண்ணம் ஏறியபின் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் மேலே தெரிவதையெல்லாம் தாங்கி நிற்பது அதுதான். நமக்காக விடியுமுன் எழும் அன்னையரும், வகுப்பு தொடங்குமுன் பாடத்தைத் தயாரித்து வரும் ஆசிரியைகளும், சிற்றாலயத்தில் நமக்காக மன்றாடும் அருட்சகோதரிகளும் செய்வது இத்தகைய வேலையே அல்லவா?

ஆகவே தோழியரே, அடுத்த முறை வண்ணம் ஓடி, தாள் சுருண்டு, படம் கெட்டால், “எனக்கு வராது” என்று சொல்லுமுன் அந்தத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பெற்றோர்களே, மகளுக்குப் புதிய வண்ணப் பெட்டி வாங்கக் கடைக்குச் செல்லும்போது, நல்ல தாள் நான்கும், ஒரு மரப்பலகையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். சுவரை நாம் சரிசெய்துகொண்டால், சித்திரம் தானே நம் கைக்கு வரும்.